லேக் ஆஃப் தி வுட்ஸ் தீவு லாட்ஜுக்குக் காரில் போவது: பார்டர், பேப்பர், படகு

கேள்வி: ஏரிக்காற்று

ஜூன் மூன்றாம் சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரம், கனடாவின் ஒன்டாரியோ பக்கம் லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரியில் ஒரு தீவு லாட்ஜ் புக் செய்திருக்கிறோம். தீவுக்குச் சாலை கிடையாது. மதியம் 3 மணிக்குள் மோர்சன் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள், அங்கிருந்து எங்கள் படகு கூட்டிப்போகும் என்று லாட்ஜில் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் கிளம்புவது மினியாபொலிஸிலிருந்து, ஒரே வேனில்.

ஆட்கள்: இரண்டு பேர் எச்1பி (அமெரிக்க வேலை விசா), இந்தியப் பாஸ்போர்ட். அதில் ஒருவருக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதி, ஆனால் எக்ஸ்டென்ஷன் அப்ரூவ் ஆகி ஐ-797 (அப்ரூவல் நோட்டீஸ்) கையில் இருக்கிறது. மூன்றாமவர் கிரீன் கார்டு. அவருக்கு 2021-ல் மினசோட்டாவில் ஒரு டிடபிள்யூஐ (போதையில் வண்டி ஓட்டிய வழக்கு). நான்காமவர் அமெரிக்க சிட்டிசன், தன் 10 வயது மகனையும் கூட்டி வருகிறார், மனைவி வரவில்லை.

தெரிய வேண்டியவை:

இன்டர்நேஷனல் ஃபால்ஸ் பாலம் வழியாகப் போவதாக இருக்கிறோம், சரியா? ஆர்ஏபிசி என்று ஒரு பர்மிட் வாங்கினால் பார்டரில் நிற்கவே வேண்டாம் என்கிறார்களே, அது எங்களுக்குக் கிடைக்குமா? மின்னோ (சின்ன இரை மீன்), லீச் (அட்டை) எல்லாம் இங்கேயே வாங்கிக் கொண்டுபோகலாமா? நண்பரின் 16 அடி படகை இழுத்துக்கொண்டு போவது லாபமா, லாட்ஜ் படகே போதுமா? திரும்பி வரும்போது வாலை (walleye) மீனை எப்படிப் பொதிய வேண்டும்?

பதில்: ரெய்னிநதி

முதலில் ஆட்களின் பேப்பர். மீன், படகு எல்லாம் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் உங்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு இப்போதே வேலை தொடங்க வேண்டும்.

எச்1பி இரண்டு பேருக்கும் கனடா விசிட்டர் விசா கட்டாயம். அமெரிக்க விசா இருப்பதோ ஐ-797 இருப்பதோ கனடாவுக்குள் போக உதவாது. ஐஆர்சிசி (கனடா குடிவரவுத் துறை) தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பம், விசாவுக்கு 100 கனடிய டாலர், பயோமெட்ரிக்ஸுக்கு 85. கடந்த 10 வருடத்தில் கனடாவுக்காக ஏற்கெனவே கைரேகை கொடுத்திருந்தால் அந்த 85 வேண்டாம். விண்ணப்பம் அப்ரூவ் ஆன பிறகு ஸ்டிக்கர் ஒட்டப் பாஸ்போர்ட்டை அனுப்பி வாங்க வேண்டும். பலரும் கணக்கில் விடுவது இந்தத் தபால் நாட்களைத்தான். லாட்ஜ் புக்கிங், வேலைக் கடிதம், பே ஸ்டப், ஐ-797 எல்லாம் இணைத்துவிடுங்கள்.

ஸ்டாம்ப் காலாவதியானவர் திரும்பி வருவதற்கு ஆட்டோமேட்டிக் விசா ரீவேலிடேஷன் விதி இருக்கிறது. கனடா அல்லது மெக்சிகோவுக்கு மட்டும், 30 நாளுக்குள் திரும்பினால், பழைய ஸ்டாம்போடே உள்ளே வரலாம். நிபந்தனைகள்: ஐ-94 (அமெரிக்காவில் தங்கும் அனுமதிப் பதிவு) செல்லுபடியாக இருக்க வேண்டும், பாஸ்போர்ட் காலாவதியாகி இருக்கக் கூடாது, கனடாவில் இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. சிறிய போர்ட்டில் இந்த விதியைத் தினமும் பார்க்கிற அதிகாரி இருக்க மாட்டார். அதனால் ஐ-797-இன் ஒரிஜினல் (புது ஐ-94 அதன் அடிப்பகுதியிலேயே இருக்கும்), சிபிபி (அமெரிக்க எல்லைத் துறை) தளத்தில் அந்த விதி இருக்கும் பக்கத்தின் பிரிண்ட், கடைசி இரண்டு மூன்று பே ஸ்டப் ஆகியவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள். திரும்பும்போது யாராவது ஐ-94-ஐக் கேட்டு வாங்கிக்கொள்ள முயன்றால், 30 நாளுக்குள் திரும்புகிற பயணம் என்று சொல்லி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டுக்காரருக்குக் கனடா விசாவும் வேண்டாம், ஈடிஏவும் (ஆன்லைன் பயண அனுமதி) வேண்டாம். 2022 ஏப்ரல் 26 முதல் விதி இதுதான்: செல்லுபடியான சொந்த நாட்டுப் பாஸ்போர்ட், செல்லுபடியான கிரீன் கார்டு இரண்டும் கையில் இருக்க வேண்டும். பல வருடம் கிரீன் கார்டில் இருப்பவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காமலே விட்டிருப்பார்கள். இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

ஆனால் அவருக்குப் பெரிய தடை அந்த டிடபிள்யூஐ. 2018 டிசம்பர் 18 முதல் கனடாவில் போதையில் வண்டி ஓட்டுவதற்கு அதிகபட்சத் தண்டனை 10 வருடம் என்று மாறியது. அதன் விளைவாக வெளிநாட்டில் நடந்த அதே குற்றமும் தீவிரக் குற்ற வகையில் சேர்ந்து, ஒரே ஒரு கன்விக்‌ஷன் இருந்தாலே உள்ளே விடாமல் இருக்கக் காரணமாகிவிட்டது. 10 வருடம் ஓடினால் தானாகச் சரியாகிவிடும் என்ற பழைய பேச்சு அந்தத் தேதிக்குப் பின் நடந்தவற்றுக்குப் பொருந்தாது. அமெரிக்கப் போலீஸ் ரெக்கார்ட் கனடா பார்டர் கம்ப்யூட்டரில் தெரியும், மறைப்பதில் பயனில்லை. கேட்டதற்குப் பொய் சொன்னால் அது தனிக் குற்றம்.

அவருக்கு இரண்டு வழி. ஒன்று, கிரிமினல் ரீஹேபிலிடேஷன். தண்டனை முழுதும், அதாவது ப்ரொபேஷன், அபராதம், லைசென்ஸ் தடை எல்லாம் முடிந்து 5 வருடம் ஆன பிறகே விண்ணப்பிக்கலாம், முடிவு வர நெடுநாள் ஆகும், ஜூனுக்குள் நடக்காது. இன்னொன்று, டெம்பரரி ரெசிடென்ட் பர்மிட். கட்டணம் கட்ட வேண்டும், கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். மீன்பிடிக்கப் போகிறேன் என்பது வலுவான காரணமாக எடுபடாது. கோர்ட் பேப்பரோடு ஒரு கனடிய இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசுங்கள். கேஸ் கடைசியில் என்ன பிரிவில் முடிந்தது என்பதைப் பொறுத்துப் பதில் மாறலாம். அதற்கு முன் அவர் பங்குப் பணத்தை ரீஃபண்ட் கிடையாத அட்வான்ஸாகக் கட்டாதீர்கள். பாலத்தில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் ஒரே வேனில் வந்த ஐந்து பேரும் மாட்டிக்கொள்வீர்கள்.

பையனுக்கு 16 வயதுக்குக் கீழ், தரைவழி என்பதால் பிறப்புச் சான்றிதழே போதும். பாஸ்போர்ட் இருந்தால் பேச்சு குறையும். அம்மாவிடமிருந்து சம்மதக் கடிதம் வாங்குங்கள்: பையன் பெயர், பிறந்த தேதி, பயணத் தேதிகள், லாட்ஜ் விவரம், அம்மாவின் போன் நம்பர், கையெழுத்து, நோட்டரி முத்திரை. போன் நம்பர் முக்கியம், சில சமயம் அங்கேயே கூப்பிட்டுக் கேட்பார்கள்.

ஆர்ஏபிசி பற்றி. அது வாங்கினால் பார்டரில் நிற்கவே வேண்டாம் என்பது அரைகுறைத் தகவல். அந்தப் பர்மிட் கனடா, அமெரிக்கா இரண்டின் சிட்டிசன்களுக்கும் பெர்மனென்ட் ரெசிடென்ட்களுக்கும் மட்டும், எச்1பிக்குக் கிடையாது. அதுவும் ஆள் இல்லாத எல்லைப் பகுதி வழியாக, பெரும்பாலும் தண்ணீர் வழியாக நுழைகிறவர்களுக்கானது. நீங்கள் பாலத்தில் பூத்துக்கு முன்னால் நிற்கப் போகிறீர்கள், அங்கே அதற்கு வேலையே இல்லை. போதாததற்கு அந்தத் திட்டத்தை 2026 செப்டம்பர் 14-லிருந்து நிறுத்தி, போன் மூலம் ரிப்போர்ட் செய்யும் முறையைக் கொண்டுவருவதாகக் கனடா எல்லைத் துறையான சிபிஎஸ்ஏ அறிவித்துவிட்டது.

பதில்: சாலை72

மோர்சன்னு சொன்னதால பாலத்தை மாத்துங்க. இன்டர்நேஷனல் ஃபால்ஸ் வழி நெஸ்டர் ஃபால்ஸ், சூ நேரோஸ் போறவங்களுக்கு நல்லது: ஹைவே 35, க்ளோக்கேகிட்ட 33, அப்புறம் 53 புடிச்சு நேரா மேல. ஆனா மோர்சன் ஏரியோட தென்கிழக்கு மூலை. உங்களுக்குப் பாடெட் - ரெய்னி ரிவர் பாலம்தான் கிட்ட. பெமிஜி வரைக்கும் வந்து, 71-ல பிளாக்டக், அங்கிருந்து மினசோட்டா 72 நேரா பாடெட்டுக்குப் போகும். மினியாபொலிஸ்லேர்ந்து ஓட்டுற நேரம் மட்டும் சுமார் அஞ்சு மணி. பாலம் 2020-ல திறந்த புதுப் பாலம், டோல் கிடையாது. இன்டர்நேஷனல் ஃபால்ஸ்ல கனடா போற பக்கம் டோல் உண்டு.

பாலம் தாண்டினதும் ஒன்டாரியோ 11-ல கிழக்கே கொஞ்ச தூரம், ஸ்லீமன்ல 621 வடக்கே திரும்புது, அது முடியற இடம் மோர்சன். ரெய்னி ரிவர்லேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள. இங்க மணியைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை, ஒன்டாரியோவோட இந்தப் பகுதியும் சென்ட்ரல் டைம்தான். டொராண்டோ நேரம்னு நினைச்சுக் குழம்பாதீங்க.

சனிக்கிழமை தான் எல்லா லாட்ஜுக்கும் ஆள் மாறுற நாள். காலை 10-லேர்ந்து மதியம் வரைக்கும் படகு ட்ரெய்லர் வரிசை நிக்கும். 3 மணிக்குத் துறைன்னா 11-க்குப் பாலத்துல இருக்கற மாதிரி கிளம்புங்க. செகண்டரிக்கு (தனியா நிறுத்தி விசாரிக்கற இடத்துக்கு) கூப்பிட்டா ஒரு மணி நேரம் போயிடும், எச்1பி பேப்பர் பாக்கறதுக்கும் அதே. முடிஞ்சா வெள்ளிக்கிழமை ராத்திரியே பாடெட்ல தங்கிட்டு 8 மணிக்குப் பாலம் ஏறுறது நிம்மதி. போர்ட் திறந்திருக்கிற நேரத்தைக் கிளம்பற வாரம் ஒரு தடவை பாத்துடுங்க, 2025 ஜனவரில வடக்கு எல்லையில பல சின்ன போர்ட்டோட நேரத்தைக் குறைச்சாங்க.

பெட்ரோல் பாடெட்ல ஃபுல் பண்ணிடுங்க, கனடால லிட்டர் கணக்கு, விலையும் கூட. 72-ல வாஸ்கிஷ் தாண்டினா பாடெட் வரைக்கும் சதுப்பு நிலம், கடை கண்ணி எதுவும் இல்ல. மான் சாயங்காலமும் விடியக்காலையும் ரோட்டுக்கு வரும், அதனால இருட்டுல அந்த ரோட்டை ஓட்டுற மாதிரி பிளான் பண்ணாதீங்க.

வேகம் கிலோமீட்டர்ல. 80-ன்னு போர்டு பாத்துட்டு மைல்னு ஓட்டினா ஒன்டாரியோ சட்டப்படி ஸ்டன்ட் டிரைவிங் (அபாயகரமா ஓட்டுறது) எல்லையைக் கிட்டத்தட்ட தொட்டுடும்: 80-ம் அதுக்கு மேலயும் லிமிட் உள்ள ரோட்டுல 50 கூட போனா அந்த இடத்துலயே 30 நாள் லைசென்ஸ் தடை, 14 நாள் வண்டி பறிமுதல். ரேடார் டிடெக்டர் இருந்தா வீட்டுல வெச்சுட்டு வாங்க. ஒன்டாரியோல அது வண்டில இருந்தாலே குத்தம், ஆஃப் பண்ணியிருந்தாலும்.

வண்டி இன்ஷூரன்ஸ் அமெரிக்க பாலிசியே பெரும்பாலும் செல்லும். கம்பெனிக்குப் போன் பண்ணி கனடா நான்-ரெசிடென்ட் லயபிலிட்டி கார்டு கேளுங்க, சும்மா அனுப்புவாங்க. வாடகை வேன்னா கனடாவுக்குக் கொண்டு போக அனுமதின்னு அக்ரிமென்ட்லயே எழுதி வாங்கணும். வேன் வேற ஒருத்தர் பேர்ல இருந்தா அவர்கிட்ட கையெழுத்து போட்ட கடிதம்.

பதில்: தூண்டில்முள்

இரை, லைசென்ஸ், மீன் கணக்கு மூன்றும் என் பங்கு.

மின்னோ, லீச் எதையும் மினசோட்டாவிலிருந்து கொண்டுபோகாதீர்கள். பார்டரில் தூக்கிப் போடச் சொல்வதோடு நிற்காமல் அபராதமும் வரலாம். மண்புழு மட்டும் கொண்டுபோகலாம், அதுவும் மண்ணில் இல்லாமல், கடையில் விற்கும் காகிதக் கூழ் படுக்கையில். மண் இருந்தால் அதுவும் போகாது. டப்பாவைத் திறந்து பார்க்கிற அதிகாரிகள் உண்டு. மற்ற இரையை லாட்ஜிலேயே வாங்குங்கள். ஒன்டாரியோ 2022-லிருந்து இரைக்கு மண்டலம் பிரித்துவிட்டது. வாங்கின மண்டலத்துக்குள்தான் பயன்படுத்தலாம், ரசீதைக் கூடவே வைத்திருக்க வேண்டும். தூரத்து ஊர்க் கடையில் வாங்கிக் கொண்டுவருவதை விட லாட்ஜில் வாங்குவது இதற்காகத்தான். ஜூன் மூன்றாம் வாரத்தில் லீச் நன்றாகவே எடுபடும்: கால் அவுன்ஸ் ஜிக், அல்லது ஸ்லிப் பாபரின் கீழே 6-ஆம் நம்பர் ஹுக்கில் உறிஞ்சு வாய்ப் பக்கம் கோத்து விட்டால் வெகுநேரம் நெளிந்துகொண்டிருக்கும். நடுவில் கோத்தால் சுருண்டு உருண்டையாகிவிடும். மே ஃப்ளை பூச்சி எழும்பும் நாட்களில் வாலை எதையும் தொடாமல் அடம்பிடிக்கும், அந்த நாட்களுக்கு மெதுவாக இழுக்கும் க்ராலர் ஹார்னெஸ் (மண்புழு கோக்கும் தூண்டில் செட்) வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸுக்கு முதலில் அவுட்டோர்ஸ் கார்டு எடுக்க வேண்டும், அதன் மேல் லைசென்ஸ். இரண்டும் ஒன்டாரியோவின் ஹன்ட் அண்ட் ஃபிஷ் தளத்தில் ஆன்லைனில் வாங்கலாம். பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ஏரியில் நெட் இருக்காது. ஸ்போர்ட், கன்சர்வேஷன் என்று இரண்டு வகை. கன்சர்வேஷன் மலிவு, வைத்துக்கொள்ளக் கூடிய மீன் எண்ணிக்கையும் குறைவு. வீட்டுக்கு மீன் கொண்டுவரப் பெரிய ஆசை இல்லை, அங்கேயே இரண்டு வேளை வறுத்துச் சாப்பிட்டால் போதும் என்றால் கன்சர்வேஷனே நல்லது. 8 நாள் லைசென்ஸ் உங்கள் வாரத்துக்குச் சரியாக இருக்கும். பையன் 18-க்குக் கீழ் என்பதால் லைசென்ஸ் உள்ளவருடன் இருந்து பிடிக்கலாம், ஆனால் அவன் வைத்துக்கொள்ளும் மீன் அந்தப் பெரியவர் கணக்கில் சேரும். அவனுக்குத் தனிக் கணக்கு வேண்டுமென்றால் அவனுக்கும் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

அந்த ஏரி ஒன்டாரியோவின் 5-ஆம் மீன்பிடி மண்டலம். வாலையும் அதன் இனமான சாகரும் சேர்த்து ஒரே கணக்கு. வைத்துக்கொள்வதில் 46 செ.மீ.க்கு மேல் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த எல்லை ஏரிகளில் வெளிநாட்டவருக்கு ஒரு நாளுக்கான எண்ணிக்கை கனடாக்காரர்களுக்கு உள்ளதை விடக் குறைவு, ஆகவே மண்டலத்தின் பொதுப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு நிற்காமல், அதற்குக் கீழே உள்ள வெளிநாட்டவர் விதியையும் படியுங்கள். பிடித்துக் கரையில் பொரித்துச் சாப்பிட்டதும் அன்றைய கணக்கில் சேரும். நீங்கள் போகிற மூன்றாம் சனிக்கிழமைதான் மஸ்கி மீன் சீசன் திறக்கிற நாளும். ஆகவே துறையில் கூட்டம் இருக்கும்.

பொதிவது: ஒவ்வொரு ஃபில்லேயிலும் ஒரு அங்குலச் சதுரம் தோல் விட்டுவிடுங்கள், என்ன மீன் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஒரு பையில் ஒரு மீனின் இரண்டு ஃபில்லே மட்டும், தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள். மொத்தமாக ஒரே கட்டியாக உறைந்தால் அதிகாரிக்கு எண்ண முடியாது, எண்ண முடியாவிட்டால் உருக்கச் சொல்வார், அல்லது அதிகமாக இருப்பதாக எடுத்துக்கொள்வார். பையின் மேல் லைசென்ஸ் வைத்திருப்பவர் பெயரை மார்க்கரால் எழுதிவிட்டால் நான்கு பேர் மீனும் ஒரே கூலரில் இருந்தாலும் தகராறு வராது. தோலுரித்து மசாலா தடவிப் பைக்குள் போட்டுக் கொண்டுவர நினைக்கிறவர்கள் உண்டு. வீடு வந்து சேர்ந்த பிறகு செய்யுங்கள்.

ஏரிக்காற்று (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. டிடபிள்யூஐ விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது, இன்றே அவரிடம் சொல்கிறேன். இன்னும் படகு பற்றிய பதில் பாக்கி. பீர் எவ்வளவு கொண்டுபோகலாம்? பையனுக்கு லைஃப் ஜாக்கெட் லாட்ஜில் இருக்கும் என்கிறார்கள், நம்பலாமா?

பதில்: அலைமேடு

நண்பரின் படகை விட்டுவிடுங்கள் என்பேன். மோர்சனிலிருந்து லாட்ஜ் படகுதான் எப்படியும் உங்களை ஏற்றப் போகிறது. உங்கள் படகு தனியாகப் பின்னால் வர வேண்டும், முதல் நாளே தெரியாத தண்ணீரில். அந்தப் பக்கம், சபாஸ்கோங் பே முழுக்க, தண்ணீருக்கு ஒரு அடி கீழே பாறைத் திட்டுகள். எல்லாவற்றுக்கும் மிதவை கிடையாது. தண்ணீர் மட்டம் வருடா வருடம் மாறும், போன வருடம் தாண்டின திட்டு இந்த வருடம் ப்ராப்பை (ப்ரொப்பெல்லரை) எடுத்துவிடும். லாட்ஜ் படகுக்கு உதிரி ப்ராப் அங்கேயே இருக்கும், உங்கள் மோட்டாருக்கு இருக்காது.

இழுத்துக்கொண்டுதான் போவேன் என்றால்: அதே மோட்டாருக்கான உதிரி ப்ராப், த்ரஸ்ட் வாஷர், நட், காட்டர் பின் இரண்டு, நட்டுக்குச் சரியான சாக்கெட். அலுமினிய ப்ராப் போதும். ஸ்டெயின்லெஸ் பாறையில் அடித்தால் அடி ப்ராப்போடு நிற்காமல் கியர் கேஸ் வரை ஏறும். இடித்த பிறகு மோட்டார் சத்தம் ஏறுகிறது ஆனால் படகு நகரவில்லை என்றால் ப்ராப் நடுவில் உள்ள ரப்பர் ஹப் சுழன்றுவிட்டது என்று அர்த்தம். த்ராட்டிலைக் கொஞ்சம் மட்டும் திறந்து நடை வேகத்தில் கொண்டுவாருங்கள், அந்த வேகத்துக்கு ஹப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூட்டினால் அதுவும் போகும்.

ட்ரெய்லருக்கு உதிரி டயர், அந்த லக் நட்டுக்கு ரெஞ்ச் (வேனின் ரெஞ்ச் பெரும்பாலும் பொருந்தாது), ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் ஹப்பைக் கையால் தொட்டுப் பார்ப்பது. வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகப் போகிறது. படகை எடுத்துச் செல்லும்போது ட்ரெய்ன் ப்ளக் கழற்றி, களை, தண்ணீர் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. மினசோட்டாவிலும் ஒன்டாரியோவிலும் சட்டம் அதுதான், பார்டரிலும் பார்ப்பார்கள்.

லாட்ஜ் படகுக்கு கனடாவின் படகு ஆபரேட்டர் கார்டு இல்லையே என்று பயப்பட வேண்டாம். வாடகைப் படகுக்கு, எடுக்கும் முன் லாட்ஜ்காரரோடு உட்கார்ந்து நிரப்புகிற ரென்டல் போட் சேஃப்டி செக்லிஸ்ட் அந்த வாடகைக் காலம் முழுவதற்கும் போதும். கையெழுத்துப் போட்ட தாளைப் படகிலேயே வையுங்கள். அந்த உட்காரலைச் சும்மா கடத்தாமல் ஒரு பேப்பர் மேப்பை விரித்து, எந்தத் திட்டில் போன வருடம் விருந்தாளிகள் இடித்தார்கள், காற்று மேற்கிலிருந்து அடித்தால் எந்தக் கால்வாய் வழியாகத் திரும்ப வேண்டும் என்று பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். போன் மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதில் பாறை இல்லை என்று காட்டுவதை நம்பி ஓட்டாதீர்கள்.

தீவுகளுக்கு நடுவில் இருக்கிற வரை காற்று பெரிய தொல்லை இல்லை. பிக் டிராவர்ஸ் பக்கம் போனால் வேறு கதை: பரப்பு பெரிது, ஆழம் குறைவு, அதனால் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். 16 அடிப் படகின் மூக்கு ஒரு அலையிலிருந்து எழும் முன்பே அடுத்தது உள்ளே விழும். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று ஏறினால் அருகில் உள்ள தீவின் மறைவில் ஒதுங்கிக் காத்திருங்கள். சாயங்காலம் பெரும்பாலும் அடங்கும். கில் சுவிட்ச் கயிற்றை ஓட்டுகிறவர் தொடையில் மாட்டியே இருக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பையனுக்கு நீங்களே கொண்டுபோங்கள். லாட்ஜில் இருப்பது பெரும்பாலும் பெரியவர் சைஸ். ஆளுக்குச் சரியான அளவு படகில் இருக்க வேண்டும் என்பது விதி. விருந்தாளி தன் நாட்டு அங்கீகாரம் உள்ள ஜாக்கெட்டைக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம். போட்டதும் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், தாடை தாண்டி ஏறினால் பெரிது.

மூட்டை விஷயம், படகில் ஏறும்போது புரியும். சக்கர சூட்கேஸ், அட்டைப்பெட்டி, பேப்பர் பை மூன்றும் வேண்டாம். மூடி பூட்டுகிற பிளாஸ்டிக் டோட், டஃபல். 120 குவார்ட் கூலர் ஒன்றை நிரப்பினால் இருவர் சேர்ந்தாலும் துறையிலிருந்து படகுக்குள் இறக்கத் தடுமாறுவீர்கள். 50 குவார்ட் இரண்டு எடுங்கள். போகும்போது ஒன்றில் உறைந்த தண்ணீர் பாட்டில்கள், வரும்போது அதே பாட்டில்கள் மீனுக்கு ஐஸ். மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் மூட்டைக்குள் போகக் கூடாது, கையில் இருக்க வேண்டும். ஜூனிலும் தண்ணீர் குளிர், ஓடும் படகில் காற்று ஊடுருவும். பாஸ்போர்ட், ஐ-797, கிரீன் கார்டு எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில், ஒருவர் கழுத்தில்.

யாராவது சிபாப் (தூக்கத்தில் மூச்சுக்கு உதவும்) மெஷினோடு தூங்குகிறவரா? லாட்ஜில் ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்துவார்களா என்று இப்போதே கேளுங்கள்.

பீர் கேட்டீர்கள்: 19 வயது ஆன ஒவ்வொருவருக்கும் வரியில்லாமல் 24 கேன் (355 மி.லி.), அல்லது 1.14 லிட்டர் ஹாட் டிரிங்க்ஸ், அல்லது 1.5 லிட்டர் ஒயின். மூன்றில் ஒன்றுதான், கூட்டிச் சேர்க்கக் கூடாது. அதற்கு மேல் இருந்தால் சொல்லி வரி கட்டலாம். ஆனால் மீன்பிடிக்கிற சின்னப் படகில் திறந்த பீர் ஒன்டாரியோவில் சட்டவிரோதம். படுக்கை, சமையல், கழிப்பறை நிரந்தரமாக உள்ள, நங்கூரம் போட்ட படகில் மட்டும்தான் விதிவிலக்கு. கஞ்சா மினசோட்டா, ஒன்டாரியோ இரண்டிலும் சட்டபூர்வம் என்பதால் எல்லை தாண்டலாம் என்று நினைக்கக் கூடாது, ஒரு கஞ்சா மிட்டாய் (கம்மி) கூட. எச்1பிக்காரருக்கு அது விசாவையே கெடுக்கும். கரடி ஸ்ப்ரே, கரடிக்கு என்று லேபிள் இருந்தால் சரி; மனிதர்களுக்கான பெப்பர் ஸ்ப்ரே தடை. விறகு கொண்டுபோகாதீர்கள். கைத்துப்பாக்கி உள்ளவர் எவரானாலும் வீட்டில் விட்டுவிட்டு வரட்டும்.

பதில்: ரெய்னிநதி

அலைமேடு சொன்னதோடு எச்1பிக்காரர்களுக்கு ஒன்று. அந்த ஏரியில் எல்லைக் கோடு தண்ணீர் நடுவில் ஓடுகிறது, வேலி கிடையாது. மேற்கே வெகுதூரம் போனால் மினசோட்டாவின் நார்த்வெஸ்ட் ஆங்கிள் பக்கம் போய்விடுவீர்கள். எல்லை தாண்டி மிதந்துவிட்டுத் திரும்புவது ஒரு விஷயம். கரை இறங்குவது, துறையில் கட்டுவது, நங்கூரம் போடுவது, அங்குள்ள இன்னொரு படகோடு சேர்ந்து நிற்பது வேறு விஷயம், அப்போது ரிப்போர்ட் செய்ய வேண்டும். ஒன்டாரியோ லைசென்ஸும் அந்தப் பக்கம் செல்லாது. சாப்பிட ஆங்கிள் பக்க ரிசார்ட்டுக்குப் படகில் போய்வரலாமே என்று யாராவது கூப்பிட்டால் எச்1பி இருவரும் மறுத்துவிடுவதே நல்லது. ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷனை நம்பி வருகிறவர் திரும்பி நுழைய வேண்டிய இடம் பாடெட் பாலம்தான், ஆள் இல்லாத துறை இல்லை.

திரும்பும்போது பூத்தில் மீனைத் தானாகவே சொல்லுங்கள்: எத்தனை, என்ன வகை, லைசென்ஸ் யாரிடம். 48 மணி நேரத்துக்கு மேல் தங்கினதால் ஆளுக்கு 800 டாலர் வரை வாங்கின பொருளுக்கு வரி இல்லை. நாய் கொண்டுபோவதாக இருந்தால் சொல்லுங்கள், அதற்கு சிடிசி படிவம், மைக்ரோசிப், 6 மாத வயது என்று தனி விதி இருக்கிறது.

ஏரிக்காற்று (கேட்டவர்)

நாய் இல்லை. படகு இழுப்பதை விட்டுவிட்டோம். வெள்ளி இரவு பாடெட்டில் அறை பார்க்கிறேன். எச்1பி இருவரும் நாளை கனடா விசாவுக்கு விண்ணப்பம் தொடங்குகிறார்கள். கிரீன் கார்டு நண்பர் கோர்ட் பேப்பர் எடுத்துத் தருகிறார். வக்கீல் சொல்லும் வரை நான்கு பெரியவர் என்பதை மூன்றாகக் கணக்கிட்டு லாட்ஜுக்கு எழுதுகிறேன்.

பதில்: சாலை72

அப்படின்னா லாட்ஜுக்கு எழுதும்போதே ஆள் மாத்தறதுக்குக் கடைசித் தேதி எதுன்னு கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. பெரும்பாலும் கேன்சல் பண்ணா அட்வான்ஸ் போயிடும், ஆனா அதே இடத்துக்கு வேற ஆள் வந்தா ஒத்துக்குவாங்க. அந்த வேற ஆளுக்கும் பாஸ்போர்ட் பாத்துட்டுப் பேர் குடுங்க.